விதைநெல்லை எப்படி அறிவது? மூளையின் ஸ்டெம் செல்லைக் காட்டும் வழிகளில் எதைத் தேர்வது

சென்ற மாதம் ஒரு மாலை, பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள்: “அக்கா, வயதாக ஆக ஹிப்போகாம்பஸில் ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோகின்றனவா, உறங்கிப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எது ஸ்டெம் செல் என்று காட்டியாக வேண்டுமே. ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நான் எதைப் பிடிக்கட்டும்?” ஹிப்போகாம்பஸ் என்பது மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி.

மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆய்வகத்தில் ஆங்கிலம். உதவித்தொகை ஐந்து ஆண்டுகளுக்கு. அதில் ஓர் ஆண்டு பாடங்களிலும் தேர்விலும் கரைந்துவிட்டது. தவறான வழியைப் பிடித்தால் இன்னும் இரண்டு ஆண்டு போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் பதில் முடியவில்லை. மும்பை, மானேசர் ஆய்வகங்களிலும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு என்பதால், அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு செல்லை ஸ்டெம் செல் என்று அழைக்க அதற்கு இரண்டு திறமைகள் வேண்டும். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கித் தன் வரிசை அறுந்துபோகாமல் காக்க வேண்டும். வேறு வகைச் செல்களையும் பெற்றுத் தர வேண்டும். மூளையில் அவை நரம்புச் செல்லான நியூரான், அதற்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட், அதன் இழைக்கு உறையிடும் ஆலிகோடெண்ட்ரோசைட். வளர்ந்த சுண்டெலியின் மூளையில் இத்தகைய செல்கள் உறுதியாக அறியப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு. மூளைக்குள் நீர் நிறைந்த அறையான பக்க வெண்ட்ரிக்கிளின் சுவர் ஒன்று. அங்கே பிறக்கும் இளம் நியூரான்கள் நெடுந்தூரம் நகர்ந்து மோப்பக் குமிழுக்குப் போகின்றன. ஹிப்போகாம்பஸின் ஒரு மடிப்பான டென்டேட் கைரஸ் மற்றொன்று. அங்கே பிறப்பவை பிறந்த இடத்துக்கு அருகிலேயே வேர் விடுகின்றன.

சொன்ன இரண்டு திறமைகளும் செயலைப் பற்றியவை. முகத்தைப் பற்றி அவற்றில் ஒன்றுமே இல்லை. தொல்லை இங்குதான் தொடங்குகிறது. எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். அப்பா விதைநெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிக் கோட்டை கட்டித் தனியே வைப்பார். கோட்டையைப் பிரித்துக் கொட்டினால் அந்த நெல்லுக்கும் சோற்றுக்குப் போகும் நெல்லுக்கும் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. விதைப்புக்கு முன் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பார். அதிலும் அவர் முழு நம்பிக்கை வைத்ததில்லை. “வயலில் பார்த்துக்கொள்வோம்” என்பார். மூளையிலும் ஸ்டெம் செல், சோற்று நெல் போலக் கிடக்கும் சாதாரண ஆஸ்ட்ரோசைட்டின் சாயலிலேயே இருக்கிறது.

எளிய வழியிலிருந்து தொடங்குகிறேன். மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி கொண்டு நிறமேற்றிக் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரு வாரத்தில் படம் கையில் இருக்கும்; சாதாரணச் சுண்டெலியே போதும். ஆனால் எந்தப் புரதத்தை மார்க்கராக, அதாவது அடையாளமாக, நம்புவது? நெஸ்டின் என்பார்கள், இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களிலும் நெஸ்டின் உண்டு. ஜி.எஃப்.ஏ.பி. என்பார்கள், ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கும் அது பொது. சாக்ஸ்2 ஸ்டெம் செல்லிலும் இருக்கிறது, அதன் பிள்ளைகளிலும் இருக்கிறது, ஆஸ்ட்ரோசைட்டிலும் இருக்கிறது. டபிள்கார்ட்டின் இளம் நியூரானைக் காட்டுமே தவிர அதன் தாயைக் காட்டாது. 2014-இல் ஃபியோனா டொயெட்ச்சின் குழு வெண்ட்ரிக்கிள் சுவரில் காட்டியது இன்னும் முக்கியம்: உறங்கும் ஸ்டெம் செல்லில் நெஸ்டின் இல்லை, விழித்து, ஒன்று இரண்டாகப் பிரியத் தொடங்கும்போதுதான் வருகிறது. அந்த இடத்தில் நெஸ்டினை மட்டும் நம்பி எண்ணுபவர், வேலைக்கு வந்தவர்களை எண்ணிவிட்டு ஊரின் மக்கள்தொகை என்று எழுதுகிறார்.

ஆனாலும் நிறமேற்றத்தை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். டென்டேட் கைரஸில் புரதத்தோடு உருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது நன்றாகவே உழைக்கிறது. செல்லின் உடல், துகள் செல் எனப்படும் நியூரான்களின் அடுக்குக்கு அடியோரத்தில் இருக்க வேண்டும். ஒற்றை இழை அடுக்கைக் குறுக்கே கடந்து மேலே போய்ப் புதர் போலக் கிளைக்க வேண்டும். ஜி.எஃப்.ஏ.பி., சாக்ஸ்2 இரண்டும் கூடவே இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் எண்ணிக்கையில் சேர்க்கலாம். வெண்ட்ரிக்கிள் சுவரில் இதைவிட அழகான அடையாளம் ஒன்று இருக்கிறது. 2008-இல் வெளிவந்த ஆய்வு, சுவரைச் சீவாமல் முழுதாகப் பெயர்த்தெடுத்து நேர் எதிரே வைத்துப் பார்த்தது. சுவரைப் போர்த்தியிருக்கும் எபென்டைமல் செல்கள் இதழ்களைப் போலச் சுற்றி நிற்க, நடுவில் ஸ்டெம் செல்லின் சிறு நுனி வெண்ட்ரிக்கிளை எட்டிப் பார்க்கிறது. பனையோலைக் காற்றாடி போன்ற அமைப்பு. அதை முதன்முதலாக என் கண்ணால் கண்ட நாளில் நுண்ணோக்கியை விட்டு எழ மனம் வரவில்லை.

அடுத்தது, பிரியும் செல்லுக்குப் பொட்டு வைப்பது. செல் பிரியும் முன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கும்; அப்போது தைமிடினைப் போன்ற ஒரு பொருளைக் கொடுத்தால் அதையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். இத்துறை பிறந்ததே இப்படித்தான். ஜோசப் ஆல்ட்மன் 1962-இல், வளர்ந்த பாலூட்டியின் மூளையில் புதிய நியூரான்கள் உண்டாகின்றனவா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். 1965-இல் கோபால் தாஸுடன் சேர்ந்து, கதிரியக்கத் தைமிடின் கொண்டு எலியின் ஹிப்போகாம்பஸில் அதைக் காட்டினார். வளர்ந்த மூளையில் புதிதாக ஒன்றும் பிறக்காது என்ற நம்பிக்கை அன்று எவ்வளவு இறுகியிருந்ததென்றால், அந்த வேலை கால் நூற்றாண்டுக்கு மேல் உரிய மதிப்பின்றிக் கிடந்தது. கதிரியக்கத்தின் இடத்தைப் பின்னர் பி.ஆர்.டி.யூ. என்ற, கதிரியக்கம் இல்லாத தைமிடின் போலி பிடித்தது. அதைப் பார்க்கத் திசுவை அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். அமிலம் மற்ற மார்க்கர்களைக் கெடுக்கும். அதே வகைப் பொருளான இ.டி.யூ.வுக்கு அமிலம் தேவையில்லை. ஆகவே இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு என் வாக்கு இ.டி.யூ.வுக்கே.

ஆனால் பொட்டு எதைச் சொல்கிறது? ஊசி போட்ட சில மணி நேரத்தில் டி.என்.ஏ.வை இரட்டித்த செல் இது என்பதை மட்டும். அது ஸ்டெம் செல்லா, ஸ்டெம் செல் பெற்ற, வேகமாகப் பெருகும் பிள்ளையா என்பதைச் சொல்லாது. பெருகுகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளே. உறங்கும் தாய்க்குப் பொட்டே விழாது. விழுந்த பொட்டும் ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகத் தேய்ந்து சில தலைமுறைகளில் மறையும். “பிறப்பு கூடியதா, குறைந்ததா” என்ற கேள்விக்கு இது மிகச் சிறந்த கருவி. “தாய் யார்” என்ற கேள்விக்கு உதவாது.

இனி நான் இரண்டு ஆண்டைத் தொலைத்த வழிக்கு வருகிறேன். 1992-இல் கனடாவின் கால்கரியில் பிரெண்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும், வளர்ந்த சுண்டெலியின் மூளைத் திசுவைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, வளர்ச்சிக் காரணி ஊட்டி வளர்த்தார்கள். பெரும்பாலான செல்கள் செத்தன. மிகச் சில பெருகி, மிதக்கும் உருண்டைகளாயின. உருண்டையைக் கலைத்தால் அதிலிருந்து மீண்டும் உருண்டைகள் வந்தன. வளர்ச்சிக் காரணியை நிறுத்தினால் நியூரானும் ஆஸ்ட்ரோசைட்டும் வந்தன. நியூரோஸ்பியர் என்ற இந்த உருண்டை, வளர்ந்த மூளையில் இத்தகைய ஆற்றல் இருக்கிறது என்பதை மறுக்க முடியாதபடி காட்டியது. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது.

அப்பாவின் ஈரத்துணிச் சோதனையே இது. வயலில் ஒருநாளும் முளைக்காத நெல்லும் துணிக்குள் முளைக்கலாம். 2002-இல் டொயெட்ச்சும் சக ஆய்வாளர்களும், உருண்டைகளில் பெரும்பாலானவை ஸ்டெம் செல்லிலிருந்து வருவதில்லை, வேகமாகப் பெருகும் பிள்ளைச் செல்களிலிருந்தே வருகின்றன என்று காட்டினார்கள். அளவு மீறி ஊட்டிய வளர்ச்சிக் காரணி பிள்ளையைத் தாயாக நடிக்க வைக்கிறது. மறுபக்கம், உறங்கும் ஸ்டெம் செல் அரிதாகவே உருண்டை தருகிறது என்று 2014-இன் ஆய்வு காட்டியது. ஆகவே உருண்டைகளின் எண்ணிக்கை ஒரே நேரத்தில் கூட்டியும் சொல்கிறது, குறைத்தும் சொல்கிறது. போதாததற்கு உருண்டைகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தட்டை எடுத்து நடந்தாலே போதும். நான் ஆர்வத்தில் தினமும் தட்டை வெப்பப் பெட்டியிலிருந்து எடுத்து நுண்ணோக்கிக்குக் கொண்டுபோய் எண்ணினேன். பதினான்கு மாதக் கணக்கில் எது ஒரு செல்லின் உருண்டை, எது மூன்று உருண்டைகளின் சேர்க்கை என்று பிரிக்க வழியே இல்லாமல் போனது. அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வரியையும் நான் வெளியிடவில்லை.

உருண்டை வளர்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு குழிக்கு ஒரு செல் என்று இடுங்கள், வாரக்கணக்கில் தொடாதீர்கள், பலமுறை கலைத்து வளர்த்து, எது நீடித்துப் பெருகுகிறது என்று பாருங்கள். அதன்பின் “திறன் இருக்கிறது” என்று மட்டும் எழுதுங்கள்.

செல்களை மார்க்கர்படி பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே படிக்கும் வழி இன்று எல்லோரையும் ஈர்க்கிறது. 2015 முதல் வந்த இவ்வகை ஆய்வுகள், உறக்கத்திலிருந்து விழிப்புக்குப் படிப்படியான ஒரு பாதை இருப்பதைக் காட்டின. உறங்கும் ஸ்டெம் செல்லின் ஆர்.என்.ஏ. ஆஸ்ட்ரோசைட்டுடையதை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையும் காட்டின. நல்ல வழிதான், ஆனால் செலவு மிகுந்தது. திசுவைக் கலைக்கும்போதே செல் எந்த மூலையில் இருந்தது என்ற செய்தி போய்விடும். கணினி வரையும் பாதை ஊகமே; எந்தச் செல்லும் அந்தப் பாதையில் நடந்து போனதை யாரும் பார்க்கவில்லை. முதல் ஆய்வேட்டின் முதுகெலும்பாக இதை வைக்காதே என்றுதான் அவளிடம் சொன்னேன்.

வயலில் விதைத்துப் பார்க்கும் வழிக்கு வருகிறேன். வம்சாவளியைத் தொடர்வது. இதன் வலிமையை உணர 1999-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஒரே அறிவியல் இதழில், சில மாத இடைவெளியில், வெண்ட்ரிக்கிள் சுவரின் ஸ்டெம் செல் யார் என்பதற்கு இரண்டு விடைகள் வந்தன. ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃபிரிசெனின் குழு எபென்டைமல் செல் என்றது. நியூயார்க்கில் டொயெட்ச், அல்வாரெஸ்-பூய்யா குழு, ஆஸ்ட்ரோசைட்டைப் போலிருக்கும் பி செல் என்றது. முதல் குழு வெண்ட்ரிக்கிளுக்குள் சாயத்தைச் செலுத்தி, அதைத் தொடும் செல்களுக்கு அடையாளமிட்டிருந்தது. இரண்டாம் குழு, பிரியும் செல்களைக் கொல்லும் மருந்தை ஆறு நாள் கொடுத்தது. இளம் நியூரான்களும் பெருகும் பிள்ளைகளும் அழிந்தன. பி செல்களும் எபென்டைமல் செல்களும் எஞ்சின. மருந்தை நிறுத்தியதும் பி செல்கள் பிரிந்தன. அழிந்த குடும்பம் சில நாட்களில் திரும்ப எழுந்தது. ஜி.எஃப்.ஏ.பி. உள்ள செல்லுக்குள் மட்டும் நுழையக்கூடிய வைரஸைக் கொண்டு அடையாளமிட்டபோது, அந்த அடையாளம் பின்னர் மோப்பக் குமிழின் நியூரான்களில் தெரிந்தது. பி செல்லின் நுனியும் வெண்ட்ரிக்கிளைத் தொடுகிறது என்பதை அறிந்த பிறகு, சாயம் அதையும் பற்றியிருக்கக் கூடும் என்பது விளங்குகிறது. இடத்தை வைத்து அடையாளமிட்டுக் கிடைத்த விடையை, ஒரே வகைச் செல்லின் சந்ததி காட்டிய விடை வென்றது. என் சார்பு எங்கே இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். அந்த 1999-இன் கட்டுரைகள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நாளிலிருந்து அது மாறவில்லை.

இன்று வைரஸுக்குப் பதில் பெரும்பாலும் மரபணு மாற்றிய சுண்டெலிகள். கிரீ என்ற நொதி, நாம் தேர்ந்த மரபணு இயங்கும் செல்களில் மட்டும் உண்டாகும். டமாக்சிஃபென் கொடுக்கும் வரை செயல்படாது. மருந்து கொடுத்ததும் ஒரு தடையை வெட்டியெடுத்து, செல்லைச் சிவப்பாக ஒளிர வைக்கும். வெட்டு டி.என்.ஏ.விலேயே விழுவதால் பொட்டைப் போலத் தேயாது. பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாம் சிவப்பு. மூன்று மாதம் கழித்தும் சிவப்புத் தாய் இருக்கிறாள், பக்கத்தில் சிவப்பு நியூரான்களும் இருக்கின்றன என்றால், இரண்டு திறமைகளும் உள்ள செல் அங்கே இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கிறது. மருந்தை மிகக் குறைத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒளிரச் செய்தால், ஒரே தாயின் குடும்பத்தைத் தனியே பார்க்கலாம்.

இந்த வழியிலும் பள்ளம் உண்டு. எந்த மரபணுவைக் கிரீக்குக் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து விடை மாறுகிறது. 2011-இல் டென்டேட் கைரஸ் குறித்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, ஸ்டெம் செல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு நியூரானையும் ஆஸ்ட்ரோசைட்டையும் தருகிறது என்றது. மற்றொன்று, உறக்கம் கலைந்ததும் சில முறை பிரிந்துவிட்டு ஆஸ்ட்ரோசைட்டாக மாறி முடிந்துபோகிறது, முதுமையில் இருப்பு தீர்வதற்கு அதுவே காரணம் என்றது. பின்னர் சூரிச்சில் செபாஸ்டியன் யெஸ்பெர்கர் குழு, உயிருள்ள சுண்டெலியின் ஹிப்போகாம்பஸுக்கு மேல் சிறு சாளரம் வைத்து, அதே செல்களை நாள்தோறும் பார்த்தது. 2018-இல் வெளிவந்த முடிவின்படி, ஏ.எஸ்.சி.எல்.1 மரபணு வழியே அடையாளமிட்ட செல்கள் விரைவில் தீர்ந்தன. 2021-இல், ஜி.எல்.ஐ.1 வழியே அடையாளமிட்டவை நெடுநாள் தங்களைப் புதுப்பித்தன. முன்னது ஏற்கெனவே விழித்தவர்களைப் பிடிக்கிறது. பின்னது உறங்குபவர்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. வழி ஒன்றுதான், எந்த வாசலில் நின்று எண்ணினார்கள் என்பதே வேறு. அந்தச் சாளர வழி எல்லாவற்றிலும் நேரடியானது, கண்ணால் காண்பது. ஆனால் அதற்கான நுண்ணோக்கியும் அறுவைக் கைத்திறனும் அமையவே ஆண்டுகள் ஆகும். அவை கையருகில் உள்ள ஆய்வகத்தில் இருப்பவர் தயங்காமல் எடுக்கலாம்.

“மனித மூளையையே பார்க்கலாமே அக்கா, நிம்ஹான்ஸில் மூளை வங்கி இருக்கிறதே?” என்றும் கேட்டாள். நிம்ஹான்ஸ் பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனம். ஆசை நியாயமானது. ஆனால் மனிதரில் வம்சாவளி தொடர முடியாது. அங்கே பெரும்பாலும் நிறமேற்றத்தையே நம்ப வேண்டும். 1998-இல், நோயறிதலுக்காகப் பி.ஆர்.டி.யூ. பெற்றிருந்த புற்றுநோயாளிகளின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்து, ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்களைக் கண்டார்கள். 2013-இல், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 கொண்டு, ஒரு ஹிப்போகாம்பஸில் நாளுக்குச் சுமார் 700 நியூரான்கள் சேர்வதாகக் கணக்கிட்டார்கள். 2018-இல் ஒரு குழு வளர்ந்தவரில் ஒன்றும் தென்படவில்லை என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு முதுமை வரை இருக்கிறது என்றது. 2019-இல் வந்த ஆய்வு, திசுவை ஃபார்மலின் வகைக் கரைசலில் எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதே டபிள்கார்ட்டின் தெரிவதையும் மறைவதையும் முடிவுசெய்கிறது என்று காட்டியது. மூளை எத்தனை மணி நேரம் கரைசலில் கிடந்தது என்பது நம் கையில் இல்லாதபோது, முதல் ஆய்வேட்டை அதன்மேல் கட்டக் கூடாது.

ஆக, அவளுக்கு நான் சொன்ன தீர்ப்பு இது. உன் கேள்வி, தீர்ந்ததா உறங்கியதா என்பது. உறங்குபவர்களைப் பார்க்காத வழி எதுவும் உனக்கு உதவாது. உருண்டை அந்த அளவிலேயே விழுந்துவிடுகிறது, அதை விட்டுவிடு. இ.டி.யூ. மட்டும் போதாது, நெஸ்டின் மட்டும் போதவே போதாது. ஜி.எல்.ஐ.1 கிரீ சுண்டெலியை, வெட்டு விழுந்தால் சிவப்பாக ஒளிரும் வகைச் சுண்டெலியோடு இணைசேர்த்து, பிறக்கும் குட்டிகளை இளமையில் அடையாளமிட்டு, முதுமை வரை காத்திரு. எத்தனை சிவப்புத் தாய்கள் மிஞ்சுகின்றனர், எத்தனை பேர் ஆஸ்ட்ரோசைட்டாகிப் போயினர் என்று எண்ணு. கொல்வதற்கு முந்தைய நாட்களில் இ.டி.யூ.வும் கொடு, சிவப்பாக இருந்து பொட்டு இல்லாதவள் உறங்குகிறாள். டமாக்சிஃபென் கொடுத்த சில நாட்களிலேயே ஒரு தொகுதியைப் பார்த்துவிடு; தொடக்கத்தில் யார் யார் சிவப்பானார்கள் என்று தெரியாமல் முடிவைப் படிக்க முடியாது. மருந்தே கொடுக்காத ஒரு தொகுதியும் வேண்டும். அதில் சிவப்பு தெரிந்தால் நொதி தானாகக் கசிகிறது என்று பொருள்.

காலக் கணக்கையும் தாளில் போட்டோம். கருக்காலம் மூன்று வாரம், அடையாளமிடும் வயது எட்டு வாரம், பிறகு பத்து மாதக் காத்திருப்பு. வகைகளை வரவழைக்கும் மாதங்களும் விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதலும் இதற்கு வெளியே. முதல் விடை வர ஏறக்குறைய இரண்டு ஆண்டாகும். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை: சாதாரணச் சுண்டெலியில் இரண்டு, ஆறு, பன்னிரண்டு மாத வயதுகளில் உருவத்தோடு சேர்த்த நிறமேற்றமும் இ.டி.யூ.வும் இன்றே தொடங்கலாம். இந்தக் கணக்கு, காத்திருப்பின் முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு கட்டுரையின் பாதியைத் தந்துவிடும். ஆர்.என்.ஏ. படிப்பது கடைசி ஆண்டில், கையில் சிவப்புச் செல் இருக்கும்போது, வேறொரு குழுவோடு சேர்ந்து.

கேட்டுக்கொண்டே வந்தவள், பன்னிரண்டு மாதச் சுண்டெலிக்கு எங்கே போவது என்றாள். அவசரத்துக்கு அது கிடைக்காது. இந்த வாரம் ஆய்வகத்தில் பிறந்த குட்டிகளில் இரண்டு கூண்டை ஒதுக்கி, அட்டையில் பிறந்த தேதியை எழுதி, யாரும் எடுக்க வேண்டாம் என்று கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். மறுநாள் காலை நான் போனபோது மூன்று கூண்டுகளில் அட்டை தொங்கியது.